வென்றவர் சுமக்கும் செலவு

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை அடுத்துக் கிடக்கும் தம்பலகாமம், நெல்லுக்கும் கோயிலுக்கும் பேர்போன பழம்பதியாகும். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால் வழியே வந்து அவ்வூர் வயல்களை நனைக்கின்றது. ஆதிகோணநாயகர் ஆலயத்தின் மணியோசை அவ்வயல்களின் மேலே பரவுகின்றது. நீரால் வாழும் ஊர்களில் நீரைப் பற்றிய பூசலும் இயல்பாகவே எழும். வரப்பு ஒரு சாண் நகர்ந்தது என்பதும், மடையை இரவில் எவரோ திறந்தார் என்பதும், கட்டாக்காலி மாடு கதிரை மேய்ந்தது என்பதும் விவசாய ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்கின்ற குறைகளே. அவற்றுட் பல, ஊர்ப் பெரியவர் முன்னிலையிலோ இணக்க சபையிலோ தீர்ந்துவிடுகின்றன. சில பொலிஸ் நிலையத்துக்கும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போகின்றன.

அத்தகைய ஊரில் வாழும் விவசாயி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். வாய்க்கால் தகராறு ஒன்றிலே அயலவரைத் தாக்கிக் காயப்படுத்தினார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்படுகின்றது. அவரோ சம்பவம் நடந்த வேளையில் தாம் அவ்விடத்தில் இருக்கவேயில்லை என்கிறார். நீதவான் சாட்சிகளைக் கேட்டு, அவரைக் குற்றவாளி எனக் கண்டு, தண்டப்பணமும் நட்டஈடும் விதிக்கின்றார். விவசாயி மேன்முறையீடு செய்கின்றார். சாட்சியம் பிழையாக மதிக்கப்பட்டது என்று மேல் நீதிமன்றம் கண்டு, தீர்ப்பை நீக்கி அவரை விடுதலை செய்கின்றது. கட்டிய தண்டப்பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். நற்பெயரும் ஓரளவுக்குத் திரும்பிவரும். ஆனால் அந்த விடுதலையைப் பெறுவதற்கு அவர் செலவிட்ட பணம் திரும்புமா? இலங்கையின் சட்டத்திலே, மேன்முறையீட்டில் வென்ற எதிரிக்கு அவருடைய வழக்குச் செலவை அரசு கொடுத்தல் வேண்டும் என்னும் பொதுவிதி இல்லை. வென்றவரும் தம் செலவைத் தாமே சுமக்க வேண்டியவராகின்றார்.

அச்செலவு எத்தன்மையது என்பதை ஊன்றி நோக்குதல் தகும். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம் அதில் முதலாவது. அது பெரும்பாலும் வழக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு தவணைக்கும் கொடுக்கப்படுவது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டாலும் அன்றைய செலவு செலவுதான். வழக்கேட்டின் பிரதி, மனு எழுதுவித்தல், தட்டச்சு, சாட்சிகளை அழைத்துச் செல்லும் வண்டிச் சத்தம், அவர்களுக்குரிய சாப்பாடு என்பன அடுத்து வருவன. இவற்றோடு, விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் நீதிமன்ற வாசலில் காத்திருந்த நாட்களின் உழைப்பும் போய்விடுகின்றது. வழக்குத் திருகோணமலையில் முடிந்தால் செலவு ஓரளவுடன் நின்றுவிடும். கொழும்பிலுள்ள நீதிமன்றங்கள் வரை போக நேர்ந்தால், ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தூரம் போய்த் தங்கி மீளும் செலவும் சேரும். நகையை ஈடுவைத்தும், வயலை ஒற்றி கொடுத்தும், மாட்டை விற்றும் இச்செலவைக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு.

இதிலிருந்து பிறக்கும் தீமை ஒன்று வெளிக்குத் தெரிவதில்லை. விதிக்கப்பட்ட தண்டப்பணம் ஒரு தொகை, மேன்முறையீட்டுக்கு ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு என்றால், கணக்கறிந்த எந்த மனிதனும் என்ன செய்வான்? தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். இன்னும் சிலர் முதல் தவணையிலேயே “குற்றவாளி” என்று ஒப்புக்கொண்டு தொல்லையை முடித்துக்கொள்வர். அப்பொழுது குற்றப் பதிவு ஒன்று அவர் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றது. பின்னர் ஓர் உத்தியோகத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ பொலிஸ் சான்றிதழ் வேண்டப்படும்போதுதான் அன்றைய சிக்கனத்தின் உண்மையான விலை தெரியவரும். ஆகவே, செலவைப் பற்றிய விதி வெறும் கணக்கு விடயம் அன்று. எவர் நீதியைத் தேடிச் செல்வார், எவர் தேடாமலே விடுவார் என்பதைத் தீர்மானிக்கின்ற விடயம் அதுவேயாகும்.

குடியியல் வழக்கில் நிலைமை வேறு. அதே விவசாயி அதே அயலவரோடு வரப்பின் எல்லை பற்றி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடி வென்றால், தோற்றவர் வென்றவருக்குச் செலவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டளையிடும். கிடைக்கும் தொகை முழுச்செலவையும் ஈடுசெய்யாது என்பது உண்மையே. எனினும், நியாயம் உடையவனை நீதிமன்றத்துக்கு இழுத்தவனே அதன் செலவைத் தாங்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே ஏற்கப்பட்டுள்ளது. ஒரு சாண் வரப்புக்காக நடந்த வழக்கில் ஏற்கப்படும் கொள்கை, ஒரு மனிதனின் சுதந்திரத்துக்காக நடந்த வழக்கில் ஏற்கப்படாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை வரலாற்றிலே கிடக்கின்றது.

இலங்கையின் குற்றவியல் நடைமுறை ஆங்கிலேயர் ஆட்சியிலே வேரூன்றியது. ஆங்கிலச் சட்டத்திலே குற்ற வழக்குத் தொடுப்பவர் அரசர். அரசர் தம் குடிகளிடம் செலவு கேட்பது அவர் பெருமைக்கு இழுக்கு. குடிகளுக்குச் செலவு கொடுப்பதும் அவர் உரிமைக்குப் பொருந்தாதது. ஆகவே முடி செலவு கொடுப்பதுமில்லை, பெறுவதுமில்லை என்பது பழைய வழக்காயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல் போலத் தோன்றும். ஆயினும் ஒரு பக்கத்தில் நாட்டின் திறைசேரியும் மறு பக்கத்தில் ஒரு குடியானவனின் மடிச்சீலையும் இருக்கும்போது, இருவரும் தத்தம் செலவைத் தாங்குக என்பது சமன் ஆகாது.

இங்கிலாந்திலே குற்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் முறையான நீதிமன்றம் 1907 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே ஏற்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக நின்றவற்றுள் அடொல்ப் பெக் என்பவரின் வழக்கு முதன்மையானது. வேறொருவன் செய்த மோசடிக்காக ஆள்மாறாட்டத்தினால் அவர் 1896 ஆம் ஆண்டிலும் 1904 ஆம் ஆண்டிலும் இருமுறை குற்றவாளியாகக் காணப்பட்டார். உண்மை வெளிப்பட்டபின் அரசு அவருக்கு 5,000 பவுண் நட்டஈடு கொடுத்தது. ஆனால் அவருடைய துன்பத்தினால் உருவான அந்த 1907 ஆம் ஆண்டுச் சட்டமே, மேன்முறையீட்டில் எந்தப் பக்கத்துக்கும் செலவு வழங்கப்படலாகாது என்று எழுதிவைத்தது. பிழையான தீர்ப்பைத் திருத்தக் கதவைத் திறந்த சட்டம், அக்கதவுக்குப் போகும் வழிச்செலவைப் பிழையாகத் தண்டிக்கப்பட்டவரின் தலையிலேயே விட்டது. இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் குற்ற மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தபோது, முன்மாதிரியாக நின்றதும் அந்த ஆங்கில ஏற்பாடே.

தமிழ் மக்கள் இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்ட வழக்கு ஒன்று உண்டு. 1944 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி சென்னை வேப்பேரியில் பத்திரிகை நடத்திவந்த இலட்சுமிகாந்தன் என்பவர் கத்தியாற் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்தனர் என்று எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் பிறரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படம் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருக்கவே அதன் நாயகர் சிறைக்குள் இருந்தார். 1945 ஆம் ஆண்டு மே மாதத்தில், யூரர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களின் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குப் போயிற்று. மேன்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு கோமறைக் கழகம் திருப்பி அனுப்பியது. 1947 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைவாசமும், சென்னையிலும் இலண்டனிலும் வாதாடிய பெரும் வழக்கறிஞர்களின் கட்டணமும் பாகவதரின் செல்வத்தைக் கரைத்துவிட்டன என்று திரைவரலாறு எழுதுவோர் பலர் கூறுவர். கிருஷ்ணன் மீண்டும் நகைச்சுவையால் மக்களைக் கவர்ந்து படங்களும் எடுத்தார். பாகவதருக்கோ பழைய வாழ்வு திரும்பவில்லை. 1948 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ராஜ முக்தி’ தோல்வி கண்டது. 1959 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் நிரபராதி என்று நீதிமன்றம் சொன்னபோது, அச்சொல்லைக் கேட்பதற்கு அவர் கொடுத்த விலையைத் திருப்பித் தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் பெருஞ் செல்வர். ஆதலினாலே இலண்டன் வரை வழக்காட அவரால் முடிந்தது. அச்செல்வம் இல்லாதிருந்தால், 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர்த் தீர்ப்பே முடிந்த முடிபாகியிருக்கும். இதுவே இவ்வழக்கின் முதன்மையான பாடம்.

இலங்கையிலும் இத்தகைய பெருவழக்கு ஒன்று நிகழ்ந்தது. 1962 ஆம் ஆண்டு ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனர் என்று படை அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் பிறருமாக 24 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கென்றே பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அச்சட்டம் கடந்த காலத்துக்கும் செல்லுபடியாகுமாறு அமைந்தது. சாட்சிய விதிகளை மாற்றியது. பத்தாண்டுக்குக் குறையாத சிறையும் உடைமைப் பறிமுதலும் தண்டனை என்றது. மூன்று நீதியரசர்கள் முன்னிலையில் 324 நாள் நடந்த விசாரணையின் பின், 1965 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் கோமறைக் கழகம் அத்தீர்ப்புகளை நீக்கியது. குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து இயற்றப்பட்ட அச்சட்டம், நீதித்துறைக்குரிய அதிகாரத்தினுள் சட்டமன்றம் புகுந்ததாகும் என்பதே அதற்குக் காரணம். லியனகே வழக்கு என்று அது இன்றும் பல நாடுகளின் சட்ட நூல்களில் எடுத்தாளப்படுகின்றது.

அந்த 11 பேரின் சிறைத்தண்டனையும் பறிமுதற் கட்டளையும் அத்தீர்ப்போடு ஒழிந்தன. ஆனால் குற்ற மேன்முறையீடுகளில் முடி செலவு கொடுப்பதுமில்லை, பெறுவதுமில்லை என்பதே கோமறைக் கழகத்தின் பொது வழக்கமாக இருந்தது. தவறு செய்தவர் அயலவரோ பொலிசாரோ அல்லர். சட்டம் இயற்றிய அரசே எல்லையை மீறியது என்று காணப்பட்ட வழக்கு அது. அத்தகைய வழக்கிலும், 324 நாள் வாதாடிய செலவை வென்றவர்களுக்கு ஈடுசெய்வதற்குச் சட்டத்தில் எழுதப்பட்ட வழி இருக்கவில்லை. 1971 ஆம் ஆண்டில் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் முறை முடிவுற்றது. 1972 ஆம் ஆண்டில் நாடு குடியரசாயிற்று. முடி போயிற்று, முடியின் பழைய வழக்கமோ போகவில்லை.

இன்றைய இலங்கைச் சட்டம் எதிரிக்கு எவ்வித உதவியும் செய்யவில்லை என்று சொல்லுதல் பொருந்தாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், அற்பமான அல்லது தொல்லை கொடுக்கும் நோக்கமுடைய முறைப்பாடு என்று நீதவான் கண்டால், முறைப்பாட்டாளரைப் பணம் செலுத்தப் பணிக்க இடந்தருகின்றது. ஆனால் அது பொய் வழக்கைத் தண்டிக்கும் ஏற்பாடு. நல்லெண்ணத்தோடு தொடரப்பட்டும் பிழையாக முடிந்த வழக்குக்கு அது பயன்படாது. மேல் நீதிமன்ற விசாரணையில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கின்றது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்க்குத் துணைநிற்கின்றது. இவை மிகவும் போற்றத்தக்கன. ஆயினும், மிக வறியவரும் அல்லர், செல்வரும் அல்லர் என்னும் நடுத்தர விவசாயியும், சிறு வியாபாரியும், எழுதுவினைஞரும் இவ்வுதவியின் எல்லைக்கு அப்பாலே நின்றுவிடக்கூடும்.

அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே அரசு நட்டஈடும் செலவும் கொடுக்குமாறு கட்டளையிடப்படுவதும் உண்டு. ஆகவே அரசு செலவு கொடுப்பது நம் நாட்டில் நடவாத காரியம் அன்று. ஆனால் அவ்வழி நிருவாகத் துறையின் செயலுக்கு எதிரானது. நீதிபதி ஒருவர் சாட்சியத்தைப் பிழையாக மதித்துவிட்டார் என்பது அதற்குள் அடங்காது. இனி, 1980 ஆம் ஆண்டில் இலங்கை இணைந்த குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனையின் 14 ஆம் உறுப்புரை, பிழையான தீர்ப்பினால் தண்டனை அனுபவித்தவருக்கு நட்டஈடு வழங்குதல் பற்றிக் கூறுகின்றது. அதுவும், தீர்ப்பு இறுதியானபின் புதிய உண்மை வெளிப்பட்டு அத்தீர்ப்பு நீக்கப்பட்ட அரிய சந்தர்ப்பத்துக்கே உரியது. சாதாரண மேன்முறையீட்டில் வென்ற விவசாயிக்கு அதில் இடமில்லை.

அயல்நாடான இந்தியாவிலும் பெரும்பாலும் இதுவே நிலை. நியாயமான காரணமின்றிக் குற்றஞ்சாட்டியவரைக் கொண்டு நட்டஈடு கொடுப்பிக்கும் விதி அங்கு நெடுங்காலமாக உண்டு. பெரிய ஈடு வேண்டுமாயின் தனி வழக்குத் தொடுத்தல் வேண்டும். நாகர்கோவிலிற் பிறந்த விண்வெளி அறிஞர் நம்பி நாராயணன் 1994 ஆம் ஆண்டு ஒற்றர் வழக்கொன்றில் கைதானார். 1996 ஆம் ஆண்டிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டதோ 2018 ஆம் ஆண்டிலே. முதல் வழக்கின் இழப்பை ஈடுசெய்ய இன்னும் பல்லாண்டு வழக்காடும் வலிமை எத்தனை பேருக்கு இருக்கும்? அவ்வாண்டிலேயே இந்திய சட்ட ஆணைக்குழு தன் 277 ஆம் அறிக்கையில், தவறான வழக்குத் தொடுப்பினால் பாதிக்கப்பட்டவர்க்குச் சட்டப்படியான நிவாரணம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பழைய வழக்கத்தை முதலில் வகுத்த இங்கிலாந்தே பின்னர் அதைத் தளர்த்திக்கொண்டது. 1952 ஆம் ஆண்டின் சட்டம் குற்ற வழக்குகளில் செலவு வழங்கும் அதிகாரத்தை விரிவாக்கியது. 1985 ஆம் ஆண்டின் சட்டம், விடுதலையான எதிரிக்கும் மேன்முறையீட்டில் வென்றவருக்கும் பொது நிதியிலிருந்து செலவு வழங்கக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தந்தது. ஆனால் 2012 ஆம் ஆண்டில் சிக்கனம் கருதி அவ்வுரிமை பெரிதும் சுருக்கப்பட்டது. 2014 ஆம் ஆண்டு தொடக்கம், மேல் மன்ற விசாரணையில் விடுதலையானவர்களுள், சட்ட உதவி கேட்டு வருமான மிகுதியால் மறுக்கப்பட்டவர்க்கே செலவு திரும்பக் கிடைக்கலாயிற்று. அதுவும் சட்ட உதவிக் கட்டணத்தின் அளவிலேயே. 2012 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிய காலத்தில் அப்பாராளுமன்றத்தின் பிரதிச் சபாநாயகர்களுள் ஒருவராக இருந்தவர் நைஜல் எவன்ஸ். 2014 ஆம் ஆண்டில் தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களிலிருந்து அவர் விடுதலையானபோது, ஏறக்குறைய 1,30,000 பவுண் செலவு அவர் தலைமேல் நின்றது. சட்டம் இயற்றும் மன்றத்தில் அமர்ந்தவரும், அச்சட்டத்தின் சுமையைத் தாமே தூக்கிய பின்னரே அதன் பாரத்தை உணர்ந்தார்.

நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் 1967 ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டங்களை இயற்றின. நியூ சவுத் வேல்ஸ் முறை எளிமையானது. எல்லா உண்மைகளும் முன்பே தெரிந்திருந்தால் இவ்வழக்கைத் தொடர்வது நியாயமாக இருந்திராது என்று நீதிமன்றம் கருதினால், எதிரிக்கு ஒரு சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு அவர் அரசிடம் செலவு கோரலாம். நியூசிலாந்துச் சட்டம் நீதிபதி எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகின்றது. வழக்கு நல்லெண்ணத்தோடு தொடரப்பட்டதா, தொடக்கத்திலே போதிய சாட்சியம் இருந்ததா, புலனாய்வு ஒழுங்காக நடந்ததா, எதிரி வெறும் சட்ட நுணுக்கத்தால் தப்பினாரா, சந்தேகத்தை அவரே தம் நடத்தையால் வருவித்துக்கொண்டாரா என்பன அவற்றுட் சில. மேன்முறையீட்டுச் செலவுக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு. 1990 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம், நீதவான் விசாரணையில் வென்ற எதிரிக்குச் சாதாரணமாகச் செலவு வழங்கப்படல் வேண்டும் என்று பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. செலவு கொடுப்பது வழக்குத் தொடுத்தவருக்கு விதிக்கும் தண்டனை அன்று, வென்றவரின் இழப்புக்குச் செய்யும் ஈடே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இச்சொல்லில் ஒரு பெரிய தெளிவு இருக்கின்றது. செலவு வழங்குவதை மறுப்போர் கூறும் காரணங்களுள் முதன்மையானது, பொலிசாரும் சட்டமா அதிபரும் பணச்சுமைக்கு அஞ்சி வழக்குத் தொடரத் தயங்குவர் என்பதாகும். செலவைத் தண்டனையாகக் கருதினால் அந்த அச்சம் நியாயமே. ஆனால் பொலிஸ் நிலையத்தின் பணத்திலிருந்தன்றி, அதற்கெனப் பாராளுமன்றம் ஒதுக்கும் பொது நிதியிலிருந்து கொடுத்தால், வழக்குத் தொடுப்பவர் எவரும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், விடுதலையானவர் எல்லோரும் நிரபராதிகள் அல்லர் என்பது. சந்தேகத்தின் பயனாலும் சட்ட நுணுக்கத்தாலும் தப்பினோர் உண்டு என்பது உண்மையே. ஆயினும், குற்றம் எண்பிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்று அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை சொல்கின்றது. அதைச் செலவு கொடுக்கும் வேளையில் மட்டும் மறத்தல் முறையன்று. தம் நடத்தையால் வழக்கை வருவித்துக்கொண்டவருக்கு மறுக்கும் உரிமையை நீதிபதிக்கு விட்டுவிட்டால் போதுமானது.

மூன்றாவது காரணம் திறைசேரியின் வறுமை. சிறிய நாட்டுக்கு இது பெரிய காரணமே. ஆனால் தவறான தீர்ப்பின் செலவு எவ்வாறாயினும் ஒருவரால் செலுத்தப்படத்தான் போகின்றது. அதை நாடு முழுவதும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதா, ஒரு குடும்பம் முழுவதாகத் தாங்குவதா என்பதே கேள்வி. குற்றத்தை அடக்குவதால் வரும் பாதுகாப்பை அனைவரும் அனுபவிக்கின்றனர். அம்முயற்சி தவறிய இடத்தில் விளையும் இழப்பை மட்டும், தவறாகப் பிடிபட்டவர் தனியே சுமக்க வேண்டும் என்பது எந்தக் கணக்குக்கும் ஒவ்வாது. செலவுக்கு வரையறுத்த கட்டண அட்டவணை ஒன்றை அமைத்தால், பெருஞ் சட்டத்தரணிகளின் கட்டணம் பொது நிதியை விழுங்கிவிடும் என்ற பயமும் நீங்கும்.

ஆகவே இலங்கைக்கு ஏற்ற விதி மிதமானதாக இருத்தல் கூடும். மேன்முறையீட்டில் தீர்ப்பு நீக்கப்பட்டு எதிரி விடுதலையானால், அந்நீதிமன்றமே அதே நாளில் செலவு பற்றிய கட்டளையையும் பிறப்பித்தல் வேண்டும். இன்னொரு வழக்குக்கு அவரை அனுப்பலாகாது. சாதாரணமாகச் செலவு வழங்கப்படல் வேண்டும். மறுப்பதானால் காரணம் எழுதப்படல் வேண்டும். தொகை அட்டவணைப்படி அமைதல் வேண்டும். சட்டத்தரணிக் கட்டணத்தோடு வழக்கேட்டுப் பிரதியும் சாட்சிகளின் போக்குவரத்தும் அதில் அடங்குதல் வேண்டும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்க 2015 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023 ஆம் ஆண்டில் இன்னொரு சட்டமும் இந்நாட்டில் இயற்றப்பட்டன. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை நினைத்த சட்டமன்றம், குற்றச்சாட்டினால் பாதிக்கப்பட்டவரையும் நினைத்தல் இயல்பான அடுத்த படியாகும்.

அந்நாள் வரும்வரை, வழக்கிலே சிக்கிய ஒருவர் செய்யத்தக்கன சில உண்டு. நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு உரிய காலம் 14 நாளே. செலவை எண்ணித் தயங்கி அக்காலத்தைக் கடத்திவிடலாகாது. பண வசதி குறைந்தவர் தீர்ப்பு வழங்கப்பட்ட அன்றே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடுவது நல்லது. கொடுக்கும் பணம் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுப் பெற்று வைத்தல் வேண்டும். தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்ட முறைப்பாடு என்று கருத இடமிருந்தால், விடுதலை பெறும் வேளையிலேயே அதனைச் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் எடுத்துரைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்யாத குற்றத்தைச் சிக்கனத்துக்காக ஒப்புக்கொள்வது சிக்கனம் ஆகாது என்பதை ஊரிலுள்ள படித்தவர்கள் மற்றவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

தமிழர் நீதியைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைப்பர். கோவலனுக்கு மேன்முறையீடு கிடைக்கவில்லை. அவன் மனைவி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது அவன் உயிரோடும் இல்லை. ஆயினும், தீர்ப்புப் பிழைத்தது என்று தெரிந்த கணத்தில், அப்பிழைக்கு உரியவன் தானே என்று அரசன் ஏற்றுக்கொண்டான். கண்ணகியின் இழப்பை அவள் பாட்டுக்கு விட்டுவிட்டு அவன் அரியணையில் அமர்ந்திருக்கவில்லை. அவன் கொடுத்தது தன் உயிர். இக்காலத்து அரசிடம் அத்துணைப் பெரிய விலையை எவரும் கேட்கவில்லை. பிழை திருத்தப்பட்ட அன்று, வென்றவரின் கையிலுள்ள பற்றுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்து, உரிய பணத்தைக் கொடுத்தல் போதும். தம்பலகாமத்து விவசாயி தம் வயலை ஒற்றியிலிருந்து மீட்டு, அடுத்த போகத்துக்கு விதைநெல் எடுத்துவைப்பார். நீதிமன்றம் தந்த விடுதலை அன்றுதான் அவருக்கு முழுமையாகும்.